பழைய கன்சோல் கேம்கள்: அசல் கேசட்டா, எஸ்டி கார்டா, எமுலேட்டரா?

என் அலமாரியில் 63 சூப்பர் நின்டெண்டோ கேசட்டுகள் இருக்கின்றன. போன மாதம் தூசி தட்டும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுசாக ஆடி முடித்தவை 9. பாதியில் விட்டவை 20-க்குப் பக்கம். மிச்சமெல்லாம் வாங்கிய அன்றைக்குச் செருகி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்படியே தட்டில் ஏற்றியவை. சேர்ப்பதும் ஆடுவதும் ஒரே பொழுதுபோக்கு என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு ஒதுக்கும் நேரத்தை இன்னொன்று தின்றுவிடும் என்பது அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

பழைய கன்சோல் ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது, "எதில் ஆடினால் அசல் மாதிரி இருக்கும்?" என்று. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் எனக்குப் பணம் போனதுதான் மிச்சம். இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எந்தத் தொல்லையை உங்களால் பொறுத்துக்கொள்ள முடியும்? தொல்லை இல்லாத வழி இதில் கிடையாது. அசல் கேசட் வைத்திருப்பவர் பேட்டரியோடும் அழுக்கோடும் மல்லுக்கட்டுவார். எமுலேட்டர், அதாவது பழைய கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் கம்ப்யூட்டர் மென்பொருள், அதில் ஆடுபவர் செட்டிங்ஸோடு மல்லுக்கட்டுவார். எஸ்டி கார்டில் 700 கேம் வைத்திருப்பவர் தன் மனதோடு.

எல்லாக் கன்சோலையும் ஒரே மூச்சில் பேசினால் ஒன்றும் பிடிபடாது. அதனால் சூப்பர் நின்டெண்டோவையே நடுவில் வைத்துக்கொள்கிறேன். 1990 நவம்பரில் ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்தது. 1991-ல் வட அமெரிக்காவிலும் 1992-ல் ஐரோப்பாவிலும். தேவைப்படும்போது சேகாவின் மெகா டிரைவ், சோனியின் பிளேஸ்டேஷன் பக்கமும் எட்டிப் பார்க்கலாம். அப்புறம், கார்ட்ரிட்ஜ் என்பதுதான் சரியான பெயர். ஆனால் வாயில் வருவது கேசட் என்றுதான், அப்படியே எழுதுகிறேன்.

அசல் கன்சோல், அசல் கேசட்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேசட்டைச் செருகி சுவிட்சைத் தள்ளினால் சில நொடிகளில் கேம் வந்து நிற்கும். அப்டேட், லாகின், மெனு என்று எதுவும் குறுக்கே வராது. கேசட்டுக்குள் இருப்பது மாஸ்க் ரோம், அதாவது தொழிற்சாலையிலேயே எழுதி மூடிய சிப். அதன்மேல் வேறெதையும் எழுத முடியாது. 30 வருடம் கழித்தும் பெரும்பாலானவை அன்றைக்கு ஓடிய மாதிரியே ஓடுகின்றன. கன்சோலுக்குள்ளும் சுழலும் பாகம், லேசர் என்று எதுவும் இல்லை. டிஸ்க் போட்டு ஆடும் பிளேஸ்டேஷன், டிரீம்காஸ்ட் கன்சோல்களை வைத்திருப்பவர்கள் லேசர் தேய்ந்து அவதிப்படுவதைப் பார்க்கும்போது கேசட்டின் அருமை தெரியும்.

வயதாவது ரோமைச் சுற்றி இருக்கும் சாமான்களுக்குத்தான். முதல் ஆள், பேட்டரி. எங்கே விட்டோம் என்பதைச் சேமிக்கும் கேசட்டுகளில் ஒரு சின்ன ராம் சிப் இருக்கும். கரண்ட் போனால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பதால், அதற்கு உயிர் கொடுக்க ஒரு பட்டன் பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032, பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். சாதாரணமாக 15, 20 வருடம் தாங்கும். 30 தாண்டியும் தம் கட்டுபவை உண்டு. தீர்ந்தால் கேம் ஓடும், சேவ் மட்டும் நிற்காது. மாற்றுவது பெரிய வித்தை இல்லை. 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற ஸ்க்ரூடிரைவர் ஒன்றும், சாலிடரிங் அயர்னும், கால் வைத்த பேட்டரியும் போதும். ஆனால் பேட்டரியைக் கழற்றிய நொடியில் உள்ளே இருந்த சேவ் போய்விடும். செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஒரு கேசட்டில் யாரோ ஒரு குழந்தை தன் பெயரைப் போட்டு ஆடி வைத்திருந்த சேவ் மூன்றும் அப்படியே இருந்தன. அவற்றைக் கார்ட்ரிட்ஜ் ரீடரில் (கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கும் கருவி) நகலெடுத்துவிட்டு, பேட்டரி மாற்றி, திரும்ப எழுதினேன். அந்தக் கேமை இன்னும் நான் தொடங்கவில்லை, சேவ் செய்ய இடம் காலியாக இல்லை.

அடுத்தது அழுக்கு. கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதுவது உலகம் முழுக்க இருந்த பழக்கம். ஊதியதில் சரியானதாகத் தோன்றும். உண்மையில் எடுத்துத் திரும்பச் செருகியதில்தான் முனைகள் சரியாகப் பட்டிருக்கும். எச்சில் ஈரம் செப்பு முனைகளை மெல்ல அரிக்கும் என்பதால் நின்டெண்டோவே ஊதாதீர்கள் என்று சொன்னது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் முனைகளைத் துடைத்தால், செத்துவிட்டதாகச் சொல்லி விற்கப்படும் கேசட்டுகளில் பல பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, எந்த நாட்டுக் கேசட் என்ற தலைவலி. அமெரிக்கக் கன்சோலில் கேசட் வாய்க்குள் இரண்டு பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்கும். ஜப்பான் கேசட் உள்ளே இறங்காமல் தடுப்பது அவைதான். அவற்றை வெட்டிவிட்டால் ஜப்பான் கேம் ஓடும். ஐரோப்பியக் கன்சோலோடு பேச்சுவார்த்தை அவ்வளவு சுலபமில்லை. வேற்று நாட்டுக் கேசட்டை ஓடவிடாத பூட்டுச் சிப் உள்ளே வேறு மாதிரி. அதோடு ஐரோப்பாவில் டிவி பால் முறை (கறக்கும் பால் இல்லை), வினாடிக்கு 50 முறை படம் மாறும். மற்ற இடங்களில் 60. கேமை அதற்கேற்ப மாற்றி எழுதாமல் அப்படியே விற்றதால் பல கேம்கள் ஐரோப்பாவில் சுமார் 17 சதவீதம் மெதுவாக ஓடின. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. மெகா டிரைவில் சோனிக் ஆடி வளர்ந்த ஐரோப்பியர்கள், 60 ஹெர்ட்ஸில் முதல்முறை பார்த்தபோது பாட்டு கூட வேகமாகக் கேட்டதே என்று ஆச்சரியப்படுவார்கள். வாங்கும்போது கன்சோல் எந்த ஊர்க்காரர் என்று பார்த்து வாங்குங்கள்.

நான்காவது, போலி. இதில் நானே அடிபட்டிருக்கிறேன். நல்ல பெயருள்ள ஒரு ஆர்பிஜி (பாத்திரங்களை வளர்த்துக்கொண்டே போகும் நீண்ட கதை கேம்) கேசட், ஒட்டுத்தாள் பளபளவென்று, சந்தேகமே வராத மாதிரி. பத்து மணிநேரம் ஆடிய பிறகு சேவ் காணாமல் போயிற்று. திறந்து பார்த்தால் பேட்டரி இருக்க வேண்டிய இடமே இல்லை. பச்சைப் பலகையில் புது மாடல் ஃபிளாஷ் சிப் ஒன்று உட்கார்ந்திருந்தது. அசல் பலகையில் நின்டெண்டோ பெயரும், ஆண்டும், எஸ்எச்விசி என்று தொடங்கும் குறியீடும் அச்சாகியிருக்கும். விலை அதிகமான கேசட் என்றால் திறந்த நிலையில் படம் அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

விலை என்று வந்ததால் ஒன்று. 2021 ஜூலையில் உறை பிரிக்காத ஒரு சூப்பர் மரியோ 64 கேசட் அமெரிக்காவில் ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அரிதான கேம்கூட இல்லை, ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்ற கேம். பிரிக்காத உறைக்கும் அட்டைப்பெட்டியின் மூலைகளுக்கும் கொடுத்த காசு அது. அதை வாங்கியவர் ஒருநாளும் ஆட முடியாது. பிரித்தால் மதிப்பு போச்சு. இந்தச் சந்தை ஆடுகிறவர்களுக்கான சந்தை இல்லை என்று அன்றே ஒதுங்கிவிட்டேன். வெறும் கேசட், பெட்டி இல்லாமல், ஒட்டுத்தாள் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை என்றால் செலவு வெகுவாகக் குறையும். கேம் ஒன்றுதான்.

முழு செட் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். சூப்பர் நின்டெண்டோவுக்கு வட அமெரிக்காவில் மட்டும் 700-க்கு மேல் கேம்கள் வந்தன. அதில் கணிசமான பங்கு, வருடா வருடம் பெயர் மாற்றி வந்த பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து. அவற்றை அலமாரிக்காக வாங்குவதற்கு ஒரு தனி மனம் வேண்டும். எனக்கு அது இல்லை.

எந்த டிவியில்?

கன்சோலை விடப் பெரிய தீர்மானம் இது. பெரும்பாலானவர்கள் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சூப்பர் நின்டெண்டோ வரையும் படம் பெரும்பாலும் 256-க்கு 224 புள்ளி. அது பிக்சர் டியூப் டிவிக்காகச் செய்யப்பட்டது. இன்றைய தட்டை டிவியில் மஞ்சள் நிற ஏவி வயரைச் செருகினால், டிவி அதைப் பழைய ஒளிபரப்பு சிக்னல் என்று தப்பாக நினைத்து, இல்லாத வரிகளைச் சேர்த்து, வழவழவென்று பூசி, கொஞ்சம் தாமதமாகக் காட்டும். மரியோ குதிக்க வேண்டிய இடத்தில் விழுவார். உங்கள் கை கெட்டுப்போய்விட்டதென்று நினைப்பீர்கள். எத்தனை பேர் "சின்ன வயதில் நன்றாக ஆடினேன், இப்போது வரவில்லை" என்று கன்சோலைத் திரும்ப விற்றிருப்பார்களோ.

பிக்சர் டியூப் டிவியில் அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. சிக்னல் வர வர வரைந்துவிடும், தாமதம் என்ற பேச்சே கிடையாது. இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து ஓவியர்கள் டிவியின் மங்கலையும் ஒரு தூரிகையாகப் பயன்படுத்தினார்கள். மெகா டிரைவில் ஒளி ஊடுருவும் நிறம் காட்ட வசதி குறைவு. அதனால் சோனிக்கில் அருவியை ஒரு கோடு நிறம், ஒரு கோடு வெறுமை என்று வரைந்தார்கள். ஏவி வயரும் டியூபும் அவற்றைக் கலந்து நிஜமான நீர்த்திரை மாதிரி காட்டும். கூர்மையான திரையில் அது ஜன்னல் கம்பி மாதிரி நிற்கும். சூப்பர் ஸ்கோப் மாதிரி துப்பாக்கி கன்ட்ரோலர்கள் பிக்சர் டியூப் டிவி இல்லாமல் வேலையே செய்யாது. டியூபில் ஒளிப்புள்ளி எப்போது எந்த இடத்தைக் கடந்தது என்பதை வைத்துத்தான் குறி எங்கே என்று கண்டுபிடிக்கின்றன.

ஆனால் அந்த டிவி கனம், இடம் அடைக்கும், பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைப்பது அரிது, புதிதாக யாரும் செய்வதில்லை. அணைத்த பிறகும் உள்ளே உயர் அழுத்த மின்சாரம் தங்கியிருக்கும், தெரியாதவர்கள் திறக்கவே கூடாது. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற அப்ஸ்கேலர் ஒன்றை இடையில் போடுங்கள். இவற்றுக்குப் பழைய சிக்னல் என்னவென்று தெரியும். தாமதம் சேர்க்காமல், அல்லது உணர முடியாத அளவே சேர்த்து, புது டிவிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். கூடவே சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் கொண்டுபோகும் ஆர்ஜிபி வயர் வாங்கிக்கொண்டால் படம் பளிச்சென்று இருக்கும். 1997-ல் வந்த சின்ன அளவு சூப்பர் நின்டெண்டோவில் ஆர்ஜிபி வெளியீட்டை எடுத்துவிட்டார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். அதற்கு உள்ளே வயரிங் வேலை தேவை.

இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கன்சோலின் விலை அதில் சிறு பங்காகத்தான் இருக்கும்.

அசல் கன்சோல், எஸ்டி கார்டு கேசட்

எவர்டிரைவ் போன்ற ஃபிளாஷ் கேசட்டுகள் வெளியே பார்க்கக் கேசட் மாதிரியே இருக்கும். உள்ளே எஸ்டி கார்டு. கேம் கோப்பைத் தேர்ந்தெடுத்தால், கன்சோலுக்கு அது ஒரு நிஜக் கேசட்டாகத் தெரியும். கன்சோல் அசல், கன்ட்ரோலர் அசல், சத்தமும் படமும் அசல். போனது அலமாரி மட்டும்.

வாங்குமுன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சூப்பர் நின்டெண்டோவின் சில கேசட்டுகளில் கேம் மட்டும் இல்லை, கூடுதல் பிராசஸரும் உண்டு. 1993-ல் வந்த ஸ்டார் ஃபாக்ஸில் சூப்பர் எஃப்எக்ஸ், 1996-ன் சூப்பர் மரியோ ஆர்பிஜியில் எஸ்ஏ-1, சூப்பர் மரியோ கார்ட்டில் டிஎஸ்பி-1. விலை குறைந்த ஃபிளாஷ் கேசட்டில் இந்தச் சிப்புகளின் வேலையைச் செய்ய எதுவும் இருக்காது, எனவே இந்தக் கேம்களில் பல ஓடாது. எஃப்எக்ஸ்பாக் புரோ மாதிரி விலை கூடியவை அந்தச் சிப்புகளைத் தங்களுக்குள்ளேயே போலச் செய்து ஓட்டிவிடும். மலிவானதை வாங்கி, பிறகு மனசு கேட்காமல் விலை கூடியதையும் வாங்கிய ஆட்கள் நிறைய. நானும் ஒருவன்.

இதன் உண்மையான பலம், ஆங்கிலத்தில் கேசட்டாகவே வராத கேம்கள். செய்கென் டென்செட்சு 3 என்ற அருமையான ஆர்பிஜி 1995-ல் ஜப்பானில் மட்டும் வந்தது. அதிகாரப்பூர்வ ஆங்கில வடிவம் வர 2019 ஆயிற்று. இடைப்பட்ட காலமெல்லாம் ரசிகர்கள் செய்த மொழிபெயர்ப்புதான் அதை உலகத்துக்குக் காட்டியது. அப்படிப்பட்ட கேம்களைச் சோபாவில் உட்கார்ந்து, நிஜக் கன்சோலில் ஆட இதை விட்டால் வழியில்லை. ஆனால் பழைய ரசிகர் திருத்தங்கள் சில, அந்தக் காலத்து எமுலேட்டரில் மட்டும் சோதிக்கப்பட்டவை. நிஜக் கன்சோலில் போட்டால் கறுப்புத் திரையோடு நின்றுவிடும்.

தொல்லை? 700 கேமும் ஒரே பட்டியலில் இருக்கும்போது எதையும் ஆட மாட்டீர்கள். இது விளையாட்டாகச் சொல்வதில்லை. முதல் மாதம் நான் செய்தது இதுதான்: ஒன்றைத் திறப்பேன், தலைப்புப் பாட்டைக் கேட்பேன், முதல் கட்டத்தில் செத்தவுடன் ரீசெட். கேசட்டை எழுந்துபோய் மாற்ற வேண்டும் என்ற சோம்பல், ஒரு கஷ்டமான கட்டத்தோடு உட்கார்ந்து போராட வைத்த சோம்பல் என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது என் கார்டில் 12 கேம் மட்டும் வைத்திருக்கிறேன். ஒன்றை முடித்தால் அல்லது மனசார வெறுத்தால்தான் அடுத்தது ஏறும். குழந்தைத்தனமான விதிதான், வேலை செய்கிறது.

டிஸ்க் கன்சோல்களில் இதற்கு இணையானது டிரைவையே கழற்றிவிட்டு எஸ்டி கார்டு பலகையைப் பொருத்துவது. பிளேஸ்டேஷனுக்கு எக்ஸ்ஸ்டேஷன், டிரீம்காஸ்டுக்கு ஜிடிஈமு. லேசர் தேய்ந்த கன்சோலுக்கு மறுபிறவி மாதிரி. கேசட் கன்சோலில் இதை ஆடம்பரம் என்று சொல்லலாம். டிஸ்க் கன்சோலில் இது வைத்தியம்.

எஃப்பிஜிஏ

எஃப்பிஜிஏ என்பது, உள்ளே உள்ள சுற்றுகளை எப்படி இணைப்பது என்பதை நாமே எழுதி மாற்றிக்கொள்ளக்கூடிய சிப். ஒரு கன்சோலின் சிப்புகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதில் எழுதிவிட்டால், எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் அந்த மாதிரியே இயங்கும். மிஸ்டர் என்ற திட்டம் இதில் பிரபலம். டிஇ10-நானோ என்ற பலகையை அடிப்படையாகக் கொண்டது, இலவசமாகக் கிடைக்கும் கோர்கள் (ஒரு கன்சோலுக்கென எழுதிய சிப் வடிவமைப்பைத்தான் கோர் என்பார்கள்), பல கன்சோல்களும் ஆர்கேட் இயந்திரங்களும் ஒரே பெட்டியில். அனலாக் நிறுவனத்தின் பாக்கெட் 2021 டிசம்பரில் வந்தது, கேம் பாய் கேசட்டை நேராகச் செருகி ஆடலாம்.

இதை மந்திரம் மாதிரி பேசுவார்கள். கோரை எழுதியவர் எதை அறிந்திருந்தாரோ அது இருக்கும், அறியாதது இருக்காது. எமுலேட்டரிலும் அதே கதைதான். ஆனால் தாமதம் மிகக் குறைவு, எச்டிஎம்ஐயும் தருகிறது, பிக்சர் டியூப் டிவிக்கும் தருகிறது, 30 வருடப் பழசான கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் சின்னப் பாகம், வயதானால் கெடும்) எதுவும் உள்ளே இல்லை. முதல் செலவு பெரிது. அதற்குப் பிறகு செலவில்லை.

எமுலேட்டர்

மட்டமான ஒன்றைப் போல இதைப் பேசுவது சேகரிப்பவர்களின் பழக்கம். 1997-ல் இசட்ஸ்னெஸ் என்ற சூப்பர் நின்டெண்டோ எமுலேட்டர் வந்தபோது அது நியாயம். அன்றைய கம்ப்யூட்டரில் ஓட வேண்டும் என்பதற்காகக் குறுக்கு வழிகள் நிறைய. 2004-ல் தொடங்கிய பிஸ்னெஸ் (bsnes) என்ற எமுலேட்டர் அந்தப் பேச்சை முடித்துவைத்தது. அதை எழுதியவர், நியர் என்ற புனைபெயரில் அறியப்பட்டவர், சிப்புகள் கடிகாரத் துடிப்புக்குத் துடிப்பு என்ன செய்கின்றன என்று அளந்து எழுதினார். அமெரிக்காவில் வெளியான கேசட்டுகளை வாங்கித் திறந்து நகலெடுத்துச் சரிபார்த்தார். இன்றைக்குச் சாதாரணக் கம்ப்யூட்டரில் சூப்பர் நின்டெண்டோ கேம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறதென்றால் பெரும்பகுதி அந்த உழைப்பு.

தாமதத்திலும் பழைய கதை மாறிவிட்டது. பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச் மென்பொருளில் ரன்-அஹெட் என்ற வசதி உண்டு. பழைய கேம்களில் பட்டனை அழுத்திய பிறகு பாத்திரம் அசைய ஒன்றிரண்டு ஃபிரேம் ஆகும். ஃபிரேம் என்றால் திரையில் மாறும் ஒரு படம், ஒவ்வொன்றும் 16.7 மில்லிவினாடி. ரன்-அஹெட் அந்த ஃபிரேம்களைக் காட்டாமல் முன்கூட்டியே கணக்கிட்டுத் தாண்டிவிடும். சரியாக அமைத்தால் டிவி சேர்க்கும் தாமதத்தை இது ஈடுகட்டும்.

"சரியாக அமைத்தால்" என்பதில்தான் தொல்லை உட்கார்ந்திருக்கிறது. ஷேடர் (படத்தைப் பழைய டிவி மாதிரி காட்டும் வடிகட்டி), ஆடியோ, கன்ட்ரோலர் பொருத்தம் என்று மூன்று இரவு போகும், ஒரு கட்டம் கூட ஆடியிருக்க மாட்டீர்கள். செட்டிங்ஸைக் கிண்டுவதே சிலருக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு வாழ்த்துகள். அப்புறம் சேவ் ஸ்டேட். நினைத்த இடத்தில் உறையவைத்துத் திரும்பலாம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு வரம். ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் சேமித்தால் கேம் நீர்த்துப்போகும். ஒன்று சொல்வேன்: போனின் தொடுதிரையில் ஆடிவிட்டு இந்தக் கேம் நன்றாயில்லை என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒரு நல்ல கன்ட்ரோலர் வாங்குங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. எமுலேட்டர் மென்பொருளும் கேம் கோப்பும் வேறு வேறு. சோனி, கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் எமுலேட்டர்மேல் போட்ட வழக்கில், 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. கேம் கோப்பை இணையத்தில் இறக்குவது பதிப்புரிமை மீறல். சொந்தக் கேசட்டிலிருந்து ரீடர் வைத்து நகலெடுப்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். இன்னொரு பக்கம், வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்று தெரிந்தது. காசு கொடுக்கத் தயார் என்றாலும் விற்க ஆளில்லை.

மினி கன்சோலும் சந்தாவும்

கேம்களை உள்ளேயே ஏற்றி, பழைய கன்சோலின் குட்டி வடிவில் வரும் மினி கன்சோல் எல்லாவற்றிலும் சுலபம். 2017-ன் சூப்பர் நின்டெண்டோ மினியில் 21 கேம். அவற்றில் ஒன்று ஸ்டார் ஃபாக்ஸ் 2, தொண்ணூறுகளில் செய்து முடித்து வெளியிடாமல் கிடப்பில் போட்டது. 2019-ன் மெகா டிரைவ் மினியில் 42, வேலைப்பாடு சுத்தம். 2018-ன் பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் 20 கேம்களில் சிலவற்றை 50 ஹெர்ட்ஸ் ஐரோப்பிய வடிவிலேயே போட்டுவிட்டார்கள், திட்டு வாங்கினார்கள். வருடத்துக்கு நாலு முறை நண்பர்கள் வரும்போது ஆடுவதுதான் உங்கள் தேவை என்றால் மினி போதும், மேலே படித்ததெல்லாம் வீண்.

சந்தாவில் ஆடுவது வாடகை வீடு. ஆன்லைன் கடையில் காசு கொடுத்து வாங்குவதும் நிரந்தரமில்லை: நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கான வீ ஷாப் 2019 ஜனவரியில் மூடியது, அதன் வீ யூ, 3டிஎஸ் கடைகள் 2023 மார்ச்சில். அங்கே பழைய கேம்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களால் புதிதாக எதையும் வாங்க முடியாமல் போயிற்று.

சரி, நான் என்ன செய்வேன்?

இன்று பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், முதல் மூன்று மாதம் எமுலேட்டரும் ஒரு நல்ல கன்ட்ரோலரும் மட்டும். நினைவில் இனித்த கேம் கையில் இனிக்கிறதா என்பதைப் பணம் போடாமல் தெரிந்துகொள்ளும் வழி அது. பாதிக்கு மேல் இனிக்காது, தயாராக இருங்கள். அதற்குப் பிறகும் கேசட் ஆசை போகவில்லையென்றால், ஒரே கன்சோல், ஒரு ஃபிளாஷ் கேசட், வீட்டிலிருக்கும் டிவிக்கு ஏற்ற ஒரு அப்ஸ்கேலர். அசல் கேசட்டுக்கு ஒரே விதி: ஆடி முடித்ததை மட்டும் வாங்குவது. அந்த விதியை முதலிலேயே வைத்திருந்தால் என் அலமாரியில் 9 கேசட்தான் இருந்திருக்கும். மிச்சம் 54-ன் பணத்தில் மிஸ்டர் பெட்டி ஒன்றும் நல்ல அப்ஸ்கேலர் ஒன்றும் வாங்கியிருக்கலாம்.

பிளேஸ்டேஷன், டிரீம்காஸ்ட் என்றால் அசல் டிஸ்க்கைத் தேடி அலையாமல் எஸ்டி பலகைக்கோ எமுலேட்டருக்கோ போய்விடுவேன். சேகாவின் கையடக்கக் கன்சோலான கேம் கியர் என்றால், உள்ளே கெபாசிட்டர் மாற்றப்பட்டதா என்று கேட்காமல் கையில் கூட எடுக்க மாட்டேன். அதில் அவை கசியாதது அபூர்வம். பழைய எக்ஸ்பாக்ஸ் பரணில் கிடந்தால், கடிகாரத்துக்கென வைத்த கெபாசிட்டர் கசிந்து பலகையை அரிக்கும் முன் அதைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள், பெரும்பாலான எக்ஸ்பாக்ஸ் மாடல்கள் அது இல்லாமலும் ஓடும், உங்களுடையது எந்த மாடல் என்று மட்டும் முதலில் பாருங்கள்.

முழு செட் வைத்துத்தான் தீருவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு கன்சோல் இருக்கிறது: நின்டெண்டோவின் 1995-ன் விர்ச்சுவல் பாய். உலகம் முழுக்கச் சேர்த்து 22 கேம்தான். ஆனால் காட்சித் திரைக்குப் போகும் ரிப்பன் வயரின் பசை வயதாகி விட்டுப்போவது அதன் பிறவி நோய், படம் கோடு கோடாகத் தெரியும். எனவே சாலிடரிங் அயர்னையும் அந்த 22-ஓடு சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள்.